வழியனுப்பு ஜெபம்: ஞாயிறு ஆராதனைக்குப் பின்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

கல்லூரி விடுதிகளுக்குப் போகும் நம் பிள்ளைகளையும், வேலைக்காகக் குவைத் செல்லும் பாடகர் குழுத் தம்பியையும் வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கர்த்தரின் கரத்தில் ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிறோம். பெற்றோரும் அவர்களோடு முன்னால் வந்து முழங்காற்படியிட வேண்டும்.

அப்போஸ்தலர் 21-ஐ வாசித்துவிட்டு வாருங்கள். தீரு பட்டணத்தில் பவுல் தங்கியது 7 நாள்தான். ஆனாலும் அங்கிருந்த சீஷர்கள் மனைவி பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே வந்து, கடற்கரையில் முழங்காலில் நின்று ஜெபித்த பிறகே அவரைக் கப்பலேற்றினார்கள். எருசலேமுக்குப் போக வேண்டாம் என்று தடுத்தவர்களும் அவர்களேதான். மனம் ஒப்பாமலே ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டு அம்மாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எண்ணாகமம் 6:24-26 ஆசீர்வாதத்தோடு ஆயர் முடிப்பார். ஜெபிக்கும் பெரியவர்கள் சாப்பாடு, செல்போன், கூடாத சேர்க்கை பற்றிய அறிவுரைகளை ஜெபத்துக்குள் நுழைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது ஜெபமாகாது.

பெயர்களைச் சனிக்கிழமை மாலைக்குள் செயலரிடம் கொடுங்கள். ஆலயத்துக்கு வர முடியாத தாத்தா பாட்டிகளிடம் ஞாயிறு மாலை பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். கார் உள்ளவர்கள் இங்கேயே பதில் சொல்லவும்.