பாலத்தில் நடந்ததையும் கேட்டு வாங்குங்கள்

எங்கள் மாவட்டப் போக்குவரத்துப் போலீஸ் பிரிவின் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மலேசியாவின் பேரா மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்குக் கிராணி வேலை, அதாவது எழுத்தர் வேலை. பழக்குலை ஏற்றி வரும் லோரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பவன். வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில். ஆகவே, சென்ற மாதம் ஒரு குலை லோரி ஓட்டுநருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் மூண்டு ஊரை இரண்டாக்கிய சண்டையில் இரு தரப்புமே எனக்கு வேண்டியவர்கள்தான்.

ஊரில் சுற்றியவை இரண்டு காணொளிகள். ஒன்று சைக்கிளின் கைப்பிடியில் பொருத்திய கேமராவில் எடுத்தது. ஹார்ன் சத்தத்தோடு தொடங்குகிறது. குலை லோரி உரசாத குறையாகக் கடக்கிறது. வலை சரியாகக் கட்டாததால் நாலைந்து உதிரிப் பழங்கள் தார்ச் சாலையில் விழுந்து உருள்கின்றன. முன்னால் போன சைக்கிளோட்டி புல்லில் இறங்கித் தடுமாறுகிறார். மற்றது, பின்னால் வந்த காரின் டேஷ்கேமில், அதாவது முன்புறக் கேமராவில், பதிவானது. அதில் சைக்கிளோட்டிகள் மூன்று மூன்று பேராகச் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவர் லோரியின் பக்கப் பலகையில் ஓங்கி அறைகிறார். லோரி நிற்கிறது. குலைகளைக் குத்தித் தூக்கும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இறங்குகிறார். அத்தோடு படம் முடிகிறது.

முதல் காணொளியைப் பார்த்தவர்கள் லோரிக்காரனை உள்ளே தள்ளச் சொன்னார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள், ஈப்போவிலிருந்து வார இறுதியில் வருபவர்களுக்குச் சாலை என்ன அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் பேச்சு சாலையை விட்டு இனத்துக்குத் தாவிவிட்டது. நம் நாட்டில் எந்தச் சண்டைக்கும் அந்த வழி நன்றாகத் தெரியும். பிறகு இரு தரப்பும் நிலையத்தில் கைகுலுக்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் சமாதானமானதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் சாலையில் மறுநாளும் சைக்கிள் மிதிக்கப் போகிறவன் நான்.

என் குறை இதுதான். இரண்டு காணொளிகளும் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகின்றன. வினை ஆரம்பித்தது பாலத்தில். அங்கே வளைவு முடிந்த கையோடு சாலை குறுகுகிறது. ஓரத்தில் ஒதுங்க ஒரு முழம் இடம் கிடையாது. நடுவில் இரட்டைக் கோடு. சைக்கிளுக்குப் போதிய இடம் விட்டுக் கடக்க வேண்டுமானால் லோரி கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டுவது குற்றம், பின்னால் வருபவர் அதைப் படமெடுத்து சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் செயலியில் புகார் செய்யலாம். தாண்டாமல் நெருக்கிப் போனால் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவோ (ஆபத்தாக ஓட்டுவது) 43ஆம் பிரிவோ (கவனக்குறைவாக ஓட்டுவது) காத்திருக்கிறது. 2020இல் திருத்தியபின் 42ஆம் பிரிவுக்குக் குறைந்தபட்ச அபராதமே 5,000 ரிங்கிட். மிஞ்சுவது ஒரே வழி: பாலம் முடியும்வரை சைக்கிளுக்குப் பின்னால் பொறுத்து வருவது. அதற்கு அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் ஏன் ஓட்டுநரிடம் இல்லை என்பது எடைமேடையில் நிற்கும் எனக்குத் தெரியும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்துவிட வேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குறைகிறது. இங்கே ஓட்டுநர்களில் பலருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வாசலில் வரிசை நீண்டால் அன்றைய ஒரு நடை போயிற்று. வண்டி மேடையில் ஏறி நிற்பதற்குள்ளாகவே "கிராணி, சீக்கிரம் போடுங்கள்" என்று குரல் வரும். இதையெல்லாம் சொல்வதால் கம்பியோடு இறங்கியதற்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். அதற்கு நியாயமே கிடையாது. வளைவுக்குப் பின்னால் மூன்று பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போவதற்கும் கிடையாது.

பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள் கேமராவும் டேஷ்கேமும் பெரும்பாலும் அகலக்கோண லென்ஸ் கொண்டவை. பக்கத்தில் இருப்பதையும் அவை தள்ளிக் காட்டும். "இவ்வளவு இடம் இருந்ததே!" என்று திரையைப் பார்த்துச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தூரத்தைத் திரையில் அளக்கக் கூடாது. பாலத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும். அதைவிட முக்கியம், டேஷ்கேமின் நினைவக அட்டை நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். நாள்தோறும் ஓடும் வண்டியில் சில நாள்களிலேயே எல்லாம் அழிந்துபோகும். புகார் வந்த அன்றே இரு தரப்பிடமும் வெட்டாத முழுப் பதிவைக் கேட்டு வாங்கினால்தான் பாலத்தில் நடந்தது உங்கள் கைக்குக் கிடைக்கும். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினி வழி ஆவணத்தை நீதிமன்றத்தில் ஏற்க வழி செய்கிறது. கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, பாட்டுச் சேர்த்து, தலைப்பு ஒட்டி வரும் துண்டுப் படம் அந்த இடத்தை எட்டாது.

ஜொகூர் பாருவில் 2017 பிப்ரவரி 18 அதிகாலை மூன்று மணியளவில் சைக்கிளில் இருந்த எட்டுப் பதின்ம வயதினர் கார் மோதி இறந்தார்கள். கீழ் நீதிமன்றம் காரோட்டியை இரண்டு முறை விடுவித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. நீதிபதிகளுக்கு ஆறாண்டு பிடித்த ஒன்றை எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒரு டீ ஆறுவதற்குள் தீர்த்துவிட்டது. இப்போதும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் அடங்கிய வெஸ்ட் மிட்லண்ட்ஸ் வட்டாரப் போலீஸ் 2016இல் ஒரு வேலை செய்தது. போலீஸ்காரர் ஒருவர் சாதாரண உடையில், கேமராவோடு சைக்கிளில் போனார். யாராவது நெருக்கிக் கடந்தால் முன்னால் நின்ற சக போலீசாருக்கு ரேடியோவில் சொன்னார். வண்டியை நிறுத்தி, எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத் தரையில் விரித்த பாயிலேயே காட்டினார்கள். ஆபத்தாக ஓட்டியவர்கள்மேல் வழக்கு. இப்போது அந்நாட்டுச் சாலை விதிநூல், மணிக்கு 30 மைல் வேகம்வரை குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. எங்கள் பாலத்துக்கு ஒரு சைக்கிள், ஒரு பாய், இரண்டு போலீஸ்காரர் போதும். அப்படியே வார இறுதிக் குழுக்களையும் நிறுத்தி, பாலத்தில் ஒற்றை வரிசையில் போகச் சொல்லுங்கள்.

கேமரா இல்லாதவர்களை மறந்துவிடாதீர்கள். விடியுமுன் அந்தப் பாலத்தில் சைக்கிள் மிதிப்பவர்களில் அதிகம் பேர் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள். பழைய சைக்கிள், பின்னால் சாப்பாட்டுத் தூக்கு, விளக்கு இருந்தால் புண்ணியம். சென்ற ஆண்டு ஒருவர் கால்வாயில் விழுந்து முழங்கை பெயர்ந்து வந்தார். வண்டி நிற்கவில்லை. விபத்துக்குப் பின் நிற்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருந்தும், விழுந்தவர் நிலையத்தின் படியேறவில்லை. வேலை பெர்மிட்டைக் கேட்பார்களோ என்ற பயம். புகார் சொல்ல வருபவரிடம் விபத்தைப் பற்றி மட்டுமே கேட்போம் என்று நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், அதைத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் நானே ஒட்டுகிறேன்.

பாலத்துக்கு ஆள் அனுப்புவதானால் சனிக்கிழமை காலை ஏழு முதல் பத்து மணிக்குள் அனுப்புங்கள். ஈப்போக் குழுக்களும் முதல் நடை லோரிகளும் அப்போதுதான் சந்திக்கின்றன. எந்த லோரி எத்தனை மணிக்கு மேடை ஏறியது, இறங்கியது என்பது எடைச் சீட்டில் அச்சாகிறது. எழுத்து மூலம் கேட்டால் கடந்த ஓராண்டுச் சீட்டுகளைத் தரத் தடையில்லை என்று எங்கள் மேலாளர் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
எடைமேடைக் கிராணி