வசனம் பேசும்போது வழுக்கும் நாக்கு

ஆசிரியருக்கு,

தமிழகப் படத்தில் ஈழத்தமிழர் வந்தால் திருகோணமலைக்காரரின் காது முதலில் போவது வினைமுற்றுக்குத்தான். ‘வாறன்’, ‘போறன்’ என்று ஒழுங்காகத் தொடங்குவார்கள். கோபக் காட்சி வந்ததும் ‘வரேன்’, ‘போறேன்’ ஆகிவிடும். டப்பிங்கில் வேகம் கூடினால் நாக்கு பழகிய பாதைக்கே திரும்பும். அழுகைக் காட்சியில் இன்னும் மோசம்.

அடுத்த பொறி ஆங்கிலச் சொற்கள். இங்கே ‘ரிக்கெற்’ என்போம். ‘வெற்றி’யில் வரும் ற்ற போல நுனிநாக்கு மேற்பல்லுக்குப் பின்னால் முரசில் (ஈறில்) படவேண்டும். நாக்கை மடித்து ‘டிக்கெட்’ என்றால், பிறகு ‘ஆம்’ என்பதற்கு எத்தனை ‘ஓம்’ போட்டாலும் ஆள் சென்னைதான்.

‘தெனாலி’ (2000) சிரிப்புப் படம் என்றாலும், பயங்களை மூச்சுவிடாமல் அடுக்கும் இடத்தில்கூட கமல்ஹாசன் இழுவையை விடவில்லை, அதற்காகவே பிடிக்கும். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) பாட்டுக்காகப் பார்க்கலாம், அதில் வரும் வடஇலங்கை மாங்குளத்துப் பேச்சுக்காக அல்ல. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) நல்ல யோசனை: தமிழகம் வந்த ஈழக் குடும்பத்திடம் பேச்சை ஒளிக்கச் சொல்வதிலேயே நகைச்சுவை பிறக்கிறது.

ஒரு குறை. ஈழத்தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ் மட்டுந்தானா? மட்டக்களப்பின் ‘என்னகா’ எங்கே? யாழ்ப்பாணத்து ‘சொல்லுவினம்’ (சொல்வார்கள்) என்பதை எல்லா ஊர்க்காரர் வாயிலும் திணிக்கிறார்கள்.

வசனத்தாளைத் திருத்த ஊர்க்காரர் ஒருவரை வைத்தால் போதாது. டப்பிங் அறையிலும் அவரை இருத்துங்கள், முக்கியமாகச் சண்டைக் காட்சி பதியும் நாளில்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை