பாப்பாவுக்கு, அந்த தூண் சீன் பத்தி

பாப்பா, சாப்டியா?

விசாரணைல உன் ஃப்ரெண்டு பேர சொல்லிட்டியாம், அந்த பொண்ணுக்கு வேலை போயிடுச்சாம், அதுலருந்து நீ தூங்கலன்னு அம்மா புலம்பிட்டே இருக்கா. எனக்கு ஃபோன்ல இதெல்லாம் பேச வராது, உனக்கே தெரியும், அதான் டைப் பண்றேன்.

நீ விட்டுட்டுப்போன ஹார்ட்டிஸ்க்ல ரிஃபிஃபின்னு ஒரு பிரெஞ்சு படம் இருந்துச்சு, 1955ல வந்தது, கறுப்பு வெள்ளை. நேத்து ராத்திரி அம்மா தூங்கினப்புறம் பாத்தேன். பாரிஸ்ல நாலு பேர் நகைக்கடைய கொள்ளையடிக்கிறானுங்க, மேல்வீட்டு தரைய ஓட்ட போட்டு அதுவழியா ஒரு குடைய உள்ள விட்டு விரிக்கிறான், சிமெண்ட் துண்டு கீழ விழுந்து சத்தம் வரக்கூடாதுன்னு. கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஒரு வசனம் இல்ல மியூசிக் இல்ல, நான் டம்ளர கீழ வைக்கக்கூட பயந்துட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. நாலு பேர்ல சீசர்னு ஒரு இத்தாலிக்காரன், லாக்கர் திறக்குறவன். ஆசப்பட்ட பொண்ணுக்கு திருடின மோதிரத்துல ஒண்ண குடுத்துடறான், அதவச்சே எதிர் கும்பல் அவன பிடிச்சிடுது. பயத்துல கூட்டாளி மரியோ பேர சொல்லிடறான். அவனுங்க மரியோ வீட்டுக்கு போயி கத்திய காட்றானுங்க. மரியோ பொண்டாட்டி ஐடா என்ன பண்றா தெரியுமா, ஃபோன்ல கொள்ளைக் கூட்டத் தலைவன் டோனிய எச்சரிச்சுடறா, செத்துருவோம்னு தெரிஞ்சே. ரெண்டு பேரையும் கொன்னுடறானுங்க. அப்புறம் டோனி வந்து பாக்கும்போது சீசர் ஒரு தூண்ல கட்டிக்கிடக்கான். நான் சொல்லலன்னு சாதிக்கல, பயந்துட்டேன்னு ஒத்துக்கிறான். டோனிக்கு அவன பிடிக்கும், இருந்தாலும் சுடறான். எல்லாரும் கடைசில குண்டடிபட்ட டோனி ரத்தம் ஒழுக ஒழுக கார் ஓட்டி கூட்டாளியோட குட்டிப்பையன வீடு சேக்குற சீனத்தான் பெருசா சொல்வாங்க, நல்ல சீன்தான், எனக்கு மனசு அந்த தூண்லயே நின்னுடுச்சு.

ஏன்னா சீசரா நடிச்சது படத்தோட டைரக்டர் ஜூல்ஸ் டாசின். டைட்டில்ல பெர்லோ வீட்டான்னு வேற பேர் போட்டிருக்கும். அமெரிக்காக்காரர். 1951ல அங்க கம்யூனிஸ்டுகள தேடின கமிட்டி முன்னாடி எட்வர்ட் டிமிட்ரிக்னு இன்னொரு டைரக்டர் இவர் பேர சொல்லிட்டார், ஹாலிவுட்ல வேலை போச்சு, பிரான்ஸ் வந்து வருஷக்கணக்கா சும்மா இருந்துதான் இந்த படம் கெடச்சுது. இத்தனைக்கும் இதுக்குத்தான் அவருக்கு பிரான்ஸ்ல நடக்குற கான் பட விழாவுல சிறந்த டைரக்டர் பரிசும் கெடச்சுது. காட்டிக்குடுக்கப்பட்ட மனுஷன் காட்டிக்குடுத்தவன் வேஷத்த தானே போட்டு நிக்கிறார் பாரு, அந்த முகத்துல வில்லத்தனமே இல்ல, வெறும் பயம். ஐடா மாதிரி எல்லாராலயும் முடியாதுன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு போல.

இப்போ ஒண்ணு சொல்றேன், அம்மாவுக்குகூட முழுசா தெரியாது. நீ பொறக்கறதுக்கு முன்னாடி மில்லுல நைட் ஷிஃப்ட்ல போனஸ் கேட்டு ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க. ஆஃபீஸ் ரூமுக்கு கூப்ட்டு எனக்கு ஒரு காபி குடுத்து யாருன்னு கேட்டாங்க. அடிக்கல, மிரட்டல, காபிதான். சொல்லிட்டேன். பக்கத்து மெஷின் அண்ணன மறுநாளே நிறுத்திட்டாங்க. அந்த காபில சர்க்கரை ஜாஸ்தி, அதுகூட ஞாபகம் இருக்கு. உன் காதுகுத்துக்கு வெள்ளிக் கொலுசு கொண்டு வந்தாரே, நெத்தில தழும்போட ஒருத்தர், போட்டோவுல ஓரமா நிப்பார், அவர்தான். நான்தான் சொன்னேன்னு அவருக்கு தெரியுமா தெரியாதான்னு இன்னிவரைக்கும் நான் கேக்கல. மார்க்கெட்ல எதிர்ல வந்தா நான் வேற சந்துல திரும்பிடுவேன்.

நீ அந்த பொண்ணுக்கு ஃபோன் பண்ணியான்னு நான் கேக்கல, கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல. அவர் இன்னும் அதே வீட்லதான் இருக்கார், ஞாயித்துக்கிழமை காலைல போலாம்னு இருக்கேன். அம்மா கேட்டா ரேஷனுக்கு போயிருக்கேன்னு சொல்லு, இந்த ஞாயித்துக்கிழமை ரேஷன் கடை லீவுதான், அவளுக்கு டக்குனு ஞாபகம் வராது.

அப்பா