குற்றமுள்ள நாயகர்களைத் தள்ளி வைக்காதீர்கள்: சரித்திர நாவல் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மலையக வரலாற்றை வைத்துச் சரித்திரக் காதல் நாவல் எழுதச் சொல்லி நீங்கள் விடுத்த அறிவித்தல் எங்கள் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. நல்ல முயற்சி. பரிசுத் தொகை, பக்க அளவு எதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை ஒரேயொரு நிபந்தனையில்தான். கதாநாயகன் இளந்தலைமுறைக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும், அவனுடைய ஒழுக்கத்துக்குக் களங்கம் சேர்க்கும் சம்பவங்களைத் தவிர்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழுத்தாளர் இல்லை. தலவாக்கலைப் பக்கம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். போயா (பௌர்ணமி) லீவுகளில் எங்கள் வீட்டு முன்னறையில் சிலர் கூடிப் புத்தகம் பேசுவோம். ஆசிரியைகள் வருவார்கள், தையல் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி வருவாள், தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு அக்கா வருவார், கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு லீவுக்கு வரும் பையன்களும் சில நேரம் எட்டிப் பார்ப்பார்கள். சமூக நாவல் என்றால் பேச்சு சீக்கிரம் அடங்கிவிடும். சரித்திர நாவல் என்றால் தேத்தண்ணீர் ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. சண்டை பெரும்பாலும் கதாநாயகனைப் பற்றித்தான்.

எங்கள் கையில் சுற்றும் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ யாரோ பத்திரிகையிலிருந்து தொடரைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்த பழைய பிரதி. முதுகுத் துணி பிய்ந்து, கோந்து பழுப்பேறிப்போன புத்தகம். பல்லவ இளவரசன் மாமல்லன், காதலித்த சிவகாமியை விட்டுப் பாண்டிய இளவரசியைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ‘துரோகி’ என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, நீல மையில்: ‘நாட்டுக்காக.’ அதற்கும் கீழே, இன்னும் பிந்திய பால்பாயின்ட் பேனாவில்: ‘அவளிடம் கேட்டானா?’ மூன்று பேரும் யாரென்று தெரியாது. ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் எங்கள் முன்னறையில் நடக்கிற சண்டை முழுவதும் அந்த மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடும்.

கதை உங்களுக்குத் தெரியும். சிவகாமி எதிரியின் தலைநகரான வாதாபியில் ஒன்பது வருஷம் சிறையிருக்கிறாள். இடையில் மாமல்லன் மாறுவேடத்தில் போய்க் கூப்பிடும்போது, நகரம் எரிந்த பிறகுதான் வருவேன் என்று மறுக்கிறாள். அப்புறம் தகப்பன் மகேந்திரரின் வற்புறுத்தலில் அவன் பாண்டியன் மகளை மணக்கிறான். கடைசியில் வாதாபியை வென்று அவளை மீட்கிறான், சபதம் நிறைவேறுகிறது. காஞ்சிக்குத் திரும்பிய பிறகுதான் அவனுக்கு மனைவி மக்கள் இருப்பது அவளுக்குத் தெரிய வருகிறது. அவள் ஏகாம்பரநாதரையே மணாளனாக ஏற்றுக்கொள்கிறாள்.

இதில் மாமல்லனைக் களங்கமில்லாதவன் என்று சொல்லவும் முடியாது, அயோக்கியன் என்று தள்ளவும் முடியாது. அந்த நாவல் இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம், ஆசிரியர் அவனுக்காக வக்காலத்து வாங்கிக் கதையை முடிக்கவில்லை என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கடைசிப் பக்கங்களை அவர் வெற்றி வீரனுக்குக் கொடுக்கவில்லை, சிவகாமிக்குக் கொடுத்தார். அவன் செய்ததற்கு விலை கொடுத்தவள் யாரோ அவளைத்தான் கடைசி வரை பார்க்கிறோம்.

நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான். கதாநாயகன் குற்றம் செய்தானா இல்லையா என்பதை வைத்து ஒரு நாவலை எடை போடாதீர்கள். அந்தக் குற்றத்தைச் சுமந்த ஆளுக்கு நாவலில் இடம் இருக்கிறதா, வாய் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நிபந்தனை முதல் கேள்வியை மட்டும் கேட்கிறது. அதனால் இரண்டாவது கேள்விக்கு வழியே இல்லாமல் போகிறது. குற்றமே இல்லாத கதையில் பாதிக்கப்பட்டவள் எப்படி வருவாள்?

வாசகர்கள் இப்படிப் பிரிந்து நிற்பது இன்று நேற்று வந்ததில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோது, பாத்திரங்களின் கதி பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதிலும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைப் பாருங்கள். கல்வெட்டில் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்பது பெருமைக்குரிய பட்டம். நாவலில் அதே செயல்தான் அவனை ராத்திரி தூங்க விடாத பாவம், காரணம் பாண்டியனுக்காக நந்தினி காலில் விழுந்து கெஞ்சியதைக் கேட்காமல் வெட்டினான். பட்டத்தை மட்டும் எழுதிப் பாவத்தை விட்டிருந்தால் எழுபது வருஷம் கழித்து யார் அவனைப் பற்றிப் பேசப் போகிறார்கள்?

சாண்டில்யனின் ‘கடல் புறா’ வகை விவகாரம் வேறு. நாயகன் கடைசியில் இரண்டு பெண்களையும் மணந்துகொள்வான். எங்கள் தையல் கடைத் தங்கச்சி இதற்கு ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாள்: “ரெண்டு பேரும் சரின்னு சொல்லிட்டாங்களாம், எழுதினது யாரு? ஆம்பிளை!” இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

நம் மலைநாட்டுக்கு வருவோம். இங்கே சரித்திரக் காதல் எழுதப் போகிறவர்களில் பலர் முதலில் கை வைக்கப் போவது கண்டியின் கடைசி ராஜாவில்தான். தென்னிந்திய நாயக்கர் வழியில் கண்ணுசாமியாகப் பிறந்து 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடியவர். கண்டி வாவியை வெட்டியவர். 1815 பெப்ரவரியில் மெதமஹநுவரவில் பிடிபட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் 1814 என்று ஒரு வருஷம் இருக்கிறது. ராஜாவின் முதல் மந்திரி (அதிகாரம்) எஹலேபொல, ராஜாவுக்கு எதிராகத் திரும்பி வெள்ளைக்காரன் பக்கம் ஓடிப்போனார். மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் ராஜாவின் கையில் இருந்தார்கள். பிள்ளைகள் வெட்டப்பட்டார்கள். மனைவி குமாரிஹாமி போகம்பரை வாவியில் மூழ்கடிக்கப்பட்டாள். மூத்தவன் பயந்து பின்வாங்கியபோது சின்னவன் மத்தும பண்டார முன்னால் வந்து நின்ற கதையை இந்த நாட்டில் தெரியாத பிள்ளை இல்லை. பிள்ளைகளின் தலையை உரலில் இட்டு இடிக்கச் சொன்னார்கள் என்ற பகுதியும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் எங்கள் முன்னறை இரண்டாகப் பிளந்தது. பையன்கள் பக்கம்: “இதெல்லாம் இங்கிலீஷ்காரன் ஊதிப் பெருக்கின கதை டீச்சர். ராஜா நம்மாள் என்கிறதால இப்படிக் காட்டுறாங்க.” இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. கண்டியை வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தின் முதல் வாசகமே ராஜாவின் கொடுமைகளைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நாட்டைப் பிடிக்க வந்தவர்களுக்கு ராஜா ஒரு அரக்கனாகத் தெரிவது வசதியாக இருந்தது. ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி ஒற்றர்களை வைத்துக் கண்டிச் செய்திகளைச் சேகரித்ததெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. தோட்ட வேலையிலிருந்து நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உரலைக் கட்டுக்கதைன்னு வச்சுக்கிறேன். பிள்ளைங்க செத்ததையும் கட்டுக்கதைன்னு சொல்லிருவீங்களா?”

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உங்கள் நிபந்தனைப்படி எழுதினால் இந்த ராஜாவை இரண்டு விதமாகத்தான் எழுதலாம். 1814ஐ மறைத்து அவரைத் தூய வீரனாக்கலாம், அல்லது அவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடலாம். முதலாவது பொய். சிங்கள அயலவர்களோடு ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போய் வருகிற நம் பிள்ளைகள் அந்தப் பொய்யைப் படித்துவிட்டு என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது நஷ்டம். எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் களங்கமில்லாத ஆண் ஒருவருமில்லை. மனைவி மக்கள் பிணையாக இருப்பது தெரிந்தே எதிரியோடு சேர்ந்த எஹலேபொலவும் இல்லை. அவரும் கடைசியில் அதே வெள்ளைக்காரனால் மொரீஷியசுக்கு நாடு கடத்தப்பட்டுத்தான் இறந்தார். ராஜாவை நாயகனாக வைத்து, குமாரிஹாமிக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்து, அவள் அவரைப் பற்றி என்ன நினைத்தாள் என்று எழுதத் துணிகிற ஒரு எழுத்தாளர் வந்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன். உங்கள் போட்டியில் அந்த நாவல் முதல் சுற்றிலேயே போய்விடும்.

அப்புறம், தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கதைகள். இப்போது போனில் தொடராக வருகிறதே, பங்களாத் துரை, கொழுந்து எடுக்கும் பெண், மழை, குதிரை. என் மருமகள் ராத்திரி முழுவதும் படிக்கிறாள். துரை முதலில் முரடன், அப்புறம் காதலில் உருகிவிடுவான். வாசகிகளில் ஒரு பாதி “என்ன ஒரு ஆண்!” என்கிறார்கள், மறுபாதி “செருப்பால அடி” என்கிறார்கள். நான் இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் கிட்டே நிற்கிறேன், ஆனால் அவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. துரை முரடன் என்பது பெரிய விஷயமே இல்லை. அந்தப் பெண்ணுக்கு “மாட்டேன்” என்று சொல்ல வழி இருந்ததா என்று அந்தத் தொடர்களில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. அவள் குடியிருக்கிற லயத்துக் காம்பிரா (அறை) அவன் தயவு, வேலை அவன் தயவு. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் வெட்டுப்பட்டால் அன்றைக்குச் சம்பளமில்லை. இப்படியான உறவுகள் நடந்ததும் உண்மை. நுவரெலியாவில் பெயின்டர் ஹோம் என்று ஒரு இல்லம் இருந்ததே, அது துரைமாருக்குப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. காதல் கதை கல்யாணத்தோடு முடிகிறது, அந்த இல்லத்துப் பிள்ளை எந்தத் தொடரிலும் வருவதில்லை. துரையை நாயகனாக வைக்காதே என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையையும் எழுது என்கிறேன்.

கங்காணி இன்னும் சிக்கலான ஆள். நம் கதைகளில் அவன் வில்லன், அல்லது குடும்பப் பெருமை பேசுகிறவர்களுக்கு மூதாதை. இரண்டும் அவனேதான். கிராமத்திலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவன், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் கூடவே நடந்தவன், வழியில் கொலராவில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு மேலே நடக்கச் சொன்னவன். தோட்டத்தில் கோயில் எழுப்பினவனும் அவன்தான், ஒவ்வொரு ஆள் வேலைக்கு இறங்குவதற்கும் தலைக்காசு வாங்கினவனும் அவன்தான். வழிச்செலவையும் அரிசியையும் கடனாக எழுதி, அந்தக் கடன் தீராமல் ஆள் தோட்டத்தை விட்டுப் போக முடியாதபடி வைத்திருந்தான். ஆளின் கடனைத் துண்டில் எழுதி, அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றிருந்த துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தவே 1921 ஆனது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் எங்கள் கூட்டத்திலும் உண்டு. அந்தக் காலத்துச் சனங்களே கங்காணியைத் திட்டிப் பாட்டுக் கட்டிப் பாடியிருக்கிறார்கள். காலம் அப்படி இருந்தது, ஆனால் எல்லோரும் சரியென்று தலையாட்டவில்லை.

முன்மாதிரி என்ற சொல்லைப் போட்டவர்களுக்குக் கோவலனை நினைவுபடுத்துகிறேன். கட்டின மனைவியை விட்டுப் போய், சொத்தைத் தொலைத்துவிட்டு வந்தவன். உங்கள் விதிப்படி இளங்கோவடிகளுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. ஆனால் அந்தக் கதையைக் கேட்ட சனம் யாரைக் கும்பிட வேண்டும் என்பதில் குழம்பவில்லை. கண்டியில் கண்ணகிக்குப் பத்தினி தேவாலயம் இருக்கிறது, பெரஹராவில் அவளுடைய ஊர்வலமும் வருகிறது. கோவலனுக்கு யாரும் கோயில் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாசகர்களுக்கு இந்த அளவு விவேகம் உண்டு என்று நம்பலாம்.

நிபந்தனையே வேண்டாம் என்றால் குழு தடுமாறும் என்று தெரியும், எனவே மாற்று ஒன்று சொல்கிறேன்: ‘நாயகன் யாருக்காவது தீங்கு செய்தால், அந்த ஆளும் நாவலில் பேச வேண்டும்.’ இது போதும். இதனால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று பயப்படுகிற நடுவர் இருந்தால், ஒரு போயாவுக்கு எங்கள் வீட்டுக்கு வரட்டும். மாமல்லனை வைத்து மட்டும் ஒரு மத்தியானம் போகும்.

கடைசியாக ஒரு காரியம். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் மூன்று சி.ஆர். கொப்பி நிறைய ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறாள். கதை நடப்பது கோப்பிக் காலத்தின் கடைசியில். நாயகன் ஒரு இளம் கங்காணி. அவன் விரும்புகிற பெண்ணின் தகப்பனுடைய கடன் அவனுடைய பற்றேட்டிலேயே இருக்கிறது. ஒரு ராத்திரி குப்பி லாம்பு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான். ஒரு கோடு கிழித்தால் கடன் போய்விடும். அவன் கிழிக்கவில்லை. கடன் இல்லாவிட்டால் குடும்பத்தோடு அவள் போய்விடுவாள் என்று பயம். அடுத்த அத்தியாயத்தை அந்தப் பெண் சொல்கிறாள். ஏட்டை அவள் பார்த்துவிட்டாள். நான் இவ்வருடம் படித்தவற்றில் அந்த இரண்டு அத்தியாயங்களுக்கு ஈடாக ஒன்றுமில்லை.

உங்கள் அறிவித்தலைப் பார்த்த பிறகு அந்த ராத்திரியை எடுத்துவிட்டு அவன் கடனைத் தள்ளிவிடுவது போல் மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பொறு என்றேன். முடிவுத் திகதிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் உங்கள் பதில் வந்தால் கொப்பிகளை இருக்கிறபடியே தட்டச்சுக்குக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை