ஜிம்னாசியம் என்பது பள்ளிக்கூடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஐன்ஸ்டைன் கட்டுரையை என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். ‘மியூனிக் நகரில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார்’ என்ற வரியில் இருவருமே நின்றுவிட்டோம். மூலத்தில் ஜிம்னாசியம் என்று இருந்திருக்கும். ஜெர்மனியில் அது பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார் செய்யும் பள்ளி. ஐன்ஸ்டைன் படித்தது அங்குள்ள லூயிட்போல்ட் ஜிம்னாசியத்தில்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘கிம்னோஸ்’ என்றால் ஆடையில்லாத என்று பொருள். பண்டைய கிரேக்க இளைஞர்கள் ஆடை களைந்துதான் பயிற்சி செய்தார்கள். அந்த இடம் ‘கிம்னாசியோன்’. பயிற்சிக்கு வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசுவார்கள், அவர்களைத் தேடி ஆசிரியர்களும் வருவார்கள். பிளேட்டோ கற்பித்த அகாடமி, அரிஸ்டாட்டில் கற்பித்த லைசியம் இரண்டுமே ஏதென்ஸ் நகரத்து ஜிம்னாசியங்கள்தாம். பிரான்சில் மேல்நிலைப் பள்ளிக்கு இன்றும் ‘லிசே’ என்றே பெயர். அது இந்த லைசியத்திலிருந்து வந்தது.

அப்புறம், மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் இச்சொல்லின் கல்விப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ராஸ்பர்கில் 1538இல் யோகன்னஸ் ஸ்டுர்ம் தொடங்கிய ஜிம்னாசியம் பல ஊர்களுக்கு முன்மாதிரி ஆனது. ஆங்கிலத்தில் நிலைத்தது உடற்பயிற்சிப் பக்கம். நமக்கு ஆங்கிலம் வழியாக வந்ததால் ‘ஜிம்’ என்றதும் தண்டால்தான் நினைவுக்கு வருகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அந்தந்த நாட்டில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டுகிறேன். அடுத்த வாரம் ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். நோட்டில் ஒட்டிவைக்கப் பேத்தி காத்திருக்கிறாள்.

– ஒரு வாசகர், கும்பகோணம்