பர்மா பேச்சுவார்த்தை: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கம் கூலி ஒப்பந்தம் பேசுகிறவர்கள் இதை எழுதுகிறோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த மியான்மரின் (பர்மாவின்) விவகாரத்தை எல்லாத் தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும் என்று அரசு சொல்லி வருகிறது. எங்களுக்கும் அதுதான் விருப்பம். ஆனால் எப்படிப்பட்ட பேச்சு என்பதைச் சொல்லாமல் விட்டால், அங்கே அது ராணுவத்துக்குக் காலம் கடத்தவே உதவியிருக்கிறது.

2000 அக்டோபரில், ஜனநாயகத்துக்காகப் போராடிய தலைவர் ஆங் சான் சூச்சியோடு ராணுவ ஆட்சி ரகசியமாகப் பேச ஆரம்பித்தது. ஐ.நா. தூதர் ரசாலி இஸ்மாயில் நடுவில் நின்றார். 2002 மே மாதம் சூச்சியை விடுவித்தார்கள். 2003 மே 30 அன்று டிபாயின் என்ற ஊரில் ஆட்சிக்கு ஆதரவான கும்பல் அவர் வந்த வாகனங்களைத் தாக்கியது. அடிபட்ட பக்கத்தின் தலைவரையே பிடித்து மறுபடியும் அடைத்தார்கள். பேச்சு அங்கேயே அறுந்தது.

2025 நவம்பர் வரை நம் நாட்டில் நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது போல இருந்தது. சமரசம் நடக்கும்போது அந்தத் தகராறு தொடர்பான வேலை நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்றது. தகராறோடு சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டில் அனுமதி இல்லாமல் தண்டிக்கவும் கூடாது என்றது. எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு இந்தக் காப்பு இல்லையென்றால் அவர் எதை நம்பி வாய் திறப்பார்?

அடுத்தது, வருகிறவரின் அதிகாரம். பேச வருகிற மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். கையெழுத்து என்றதும் முதலாளியைக் கேட்க வேண்டும் என்பார். பர்மாவில் 2003 ஆகஸ்டில் ஜனநாயகத்துக்கான ஏழு படித் திட்டத்தை அறிவித்த பிரதமர் கின் நியுண்ட், 2004 அக்டோபரில் பதவி பறிக்கப்பட்டு வீட்டுக் காவலுக்குப் போனார். 2007-ல் புத்த பிக்குகளின் போராட்டத்தை அடக்கிய பிறகு, சூச்சியோடு பேச அமைச்சர் ஆங் கியி நியமிக்கப்பட்டார். சில சந்திப்புகள் நடந்தன. முடிவெடுக்கும் அதிகாரமோ தளபதி தான் ஷ்வேயிடம் இருந்தது.

2021 ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் எட்டிய ஐந்து அம்ச உடன்பாட்டுக்குத் தளபதி மின் ஆங் லைங் நேரிலேயே வந்தார். அதிகாரக் குறை அங்கே இல்லை. குறை உடன்பாட்டில் இருந்தது: வன்முறையை நிறுத்தக் கெடு தேதி இல்லை, நிறுத்தியதைச் சரிபார்க்க ஆள் இல்லை. ஊர் திரும்பிய சில நாளில், நிலைமை சீரான பிறகு அந்த யோசனைகளைப் பரிசீலிப்போம் என்று ராணுவம் சொல்லிவிட்டது. ஆசியான் தலைமை வருஷா வருஷம் கைமாற, மியான்மருக்கான அதன் தூதரும் மாறினார்: புருனே, கம்போடியா, இந்தோனேசியா, லாவோஸ், மலேசியா.

எங்கள் கூலிப் பேச்சில், தொழிலாளர் துறைச் சமரச அதிகாரியின் அறையில் அமர்வு முடியும்போது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) மூன்று விஷயம் ஏற வேண்டும்: ஒப்புக்கொண்டது, ஒப்புக்கொள்ளாதது, அடுத்த தேதி. இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே எழுந்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாததை எழுதாமல் விட்டால், அடுத்த தடவை முதல் கோரிக்கையிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார்கள். அதிலேயே மாசக்கணக்கில் ஓடிவிடும்.

மேசையில் இல்லாதவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்பதையும் மறக்கக் கூடாது. 2015 அக்டோபரில் மியான்மர் அரசோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவை 8 ஆயுதக் குழுக்கள்தான். கச்சின் இனத்தவரின் படை போன்றவை வெளியே நின்றன, சண்டையும் நிற்கவில்லை. சூச்சியின் கட்சியோடு மட்டும் பேசினால் போதாது; இனக்குழுக்களுக்கும் முதல் நாளிலிருந்தே நாற்காலி வேண்டும்.

எங்கள் வீடுகளில் இட்லிக்கு ஊறும் உளுந்தில் பர்மா உளுந்து நிறைய உண்டு. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 2021 ஜூனில், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்து ஆண்டுகளுக்கு இறக்குமதி செய்ய இந்தியா ஒப்பந்தம் போட்டது. அதில் அளவும் வருஷமும் தெளிவாக எழுதப்பட்டன. அதே தெளிவோடு இதையும் கேளுங்கள்: சிறையில் இருக்கும் அரசியல் கைதிகளை ஆசியான் தூதர் எந்தத் தேதியில் பார்க்கலாம், பேச வருகிறவர்களைக் கைது செய்ய மாட்டோம் என்று யார் கையெழுத்திடுவார்கள், வான்வழித் தாக்குதல் நின்றதை யார் போய்ப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கி, நாடாளுமன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிப் பேச்சுவார்த்தையில் அமர்கிறவர்கள்