வேகனின் பின்புறம் டிக்கி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களில் கார் ஸ்பீக்கர் பற்றி எழுதினால் எத்தனை வாட்ஸ், எந்த பிராண்ட் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எத்தனை ஓம் (மின்தடை), பியூஸ் எங்கே, எர்த் எங்கே என்ற பேச்சே வருவதில்லை. புதிய காருக்கு இதனால் மோசமில்லை. எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வந்துவிடுகிறது. பழைய ஸ்டேஷன் வேகன் (தனி டிக்கி இல்லாமல் கூரை பின்கடைசிவரை நீளும் கார்) வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டாடா எஸ்டேட் 1992இல் வந்தது. மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், பியட் சியனா வீக்கெண்ட் எல்லாம் 2000ஐ ஒட்டி வந்தவை. இவற்றில் ஒயரிங்கும் ரப்பரும் வயதாகிவிட்டன. "பின்னாடிதான் இவ்வளவு இடம் இருக்கே, நாலு ஸ்பீக்கர் கூடப் போட்டுடலாம்" என்று கடையில் சொன்னால் தலையாட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் அந்த "இவ்வளவு இடம்". செடான் காரில் பின் கண்ணாடியின் கீழுள்ள தட்டில் ஓவல் ஸ்பீக்கரைப் பதித்தால், அடியில் இருக்கும் டிக்கியே அதற்குப் பெட்டியாகிவிடுகிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் கழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிதான் முதலில் காணாமல் போகும். மூடிய டிக்கி அவை சந்திக்காமல் தடுக்கிறது. வேகனில் அந்தத் தடுப்பு கிடையாது. சீட்டுக்குப் பின்னால் இருப்பது டிக்கி அல்ல, அதே அறையின் தொடர்ச்சி. சாமானை மறைக்கும் அட்டைத் தட்டில் 6×9 ஓவலைப் பதித்தால், பெரிய ஸ்பீக்கரிலிருந்து சின்ன ரேடியோவின் சத்தம்தான் வரும். தவிலில் கணீரென்ற வலந்தலைப் பக்கம் மட்டும் கேட்கும், கும்மென்ற தொப்பிப் பக்கம் கேட்காது.

ஒலியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இந்தத் தட்டில் இருக்கிறது. அது வெறுமனே இரண்டு பக்கக் கொக்கியில் உட்கார்ந்திருக்கும் பலகை. காந்தத்தோடு சேர்த்து ஓவல் ஒன்று இரண்டு கிலோ வரை வரும். வண்டி எதிலாவது மோதி நின்றால் தட்டும் ஸ்பீக்கரும் நிற்காது. பின் சீட்டில் இருப்பவரின் பிடரியைத்தான் தேடிப் போகும். செடானில் அந்தத் தட்டு பாடியோடு சேர்ந்த தகடு. வேகனுக்கு இந்த ஒரு வேலையை யார் செய்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கூட்டுவதற்கு முன் இருப்பதைச் சரிபார்ப்பது லாபம். இருபது வருட ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். அப்படி உதிர்ந்த முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றினாலே பாதிப் பேருக்குக் கூடுதல் ஸ்பீக்கர் தேவைப்படாது. ஓட்டுபவருக்குப் பாட்டு எதிரிலிருந்துதான் வர வேண்டும். பின்னாலிருந்து வருவது நிரப்புவதற்கு மட்டும்.

கதவில் ஸ்பீக்கர் மாற்றும்போது ஆழம்தான் தகராறு. ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு 50 முதல் 65 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். கதவுக் கண்ணாடி இறங்கும் பாதை அதற்குள் குறுக்கிட்டால் காந்தத்தில் இடிக்கும். பார்க்க எளிய வழி: டோர் பேடை (கதவின் உட்புற மூடியை) கழற்றி, ஸ்பீக்கர் வரப்போகும் ஓட்டையின் குறுக்கே ஒரு பட்டையான குச்சியை வைத்து, அதில் சப்பாத்தி மாவு உருண்டையை ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுங்கள். கண்ணாடியை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். நசுங்காமல் மிஞ்சிய மாவின் நீளம்தான் உங்களிடம் இருக்கும் ஆழம். அதில் ஐந்து மில்லிமீட்டரைக் கழித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போதவில்லையென்றால் 12 மில்லிமீட்டர் கனத்தில் வளையம் வெட்டி ஸ்பீக்கரை வெளியே தள்ளி உட்கார வைக்கலாம். வளையத்துக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டாம். கதவின் உட்புறம் மழையில் நனையும் இடம், எம்.டி.எஃப். ஒரே ஐப்பசியில் ரொட்டி மாதிரி ஊதிவிடும். மெரைன் ப்ளை அல்லது பிளாஸ்டிக் பலகை போதும்.

கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியேறுகிறது. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் அந்தத் தண்ணீரை அறைக்குள் வரவிடாமல் காப்பது. அவசரத்தில் அதைக் கிழித்து எறிந்துவிட்டு பேடை மாட்டிக் கொடுப்பவர்கள் அதிகம். அடுத்த மழையில் மிதியடி நனைந்து நாறும். வண்டிக்காரர் காரணம் தெரியாமல் கண்ணாடி ரப்பரை மாற்றிக்கொண்டிருப்பார். பழைய ஷீட் போய்விட்டால் கெட்டியான பாலிதீன் ஷீட்டை அளவாக வெட்டி பியூட்டைல் டேப்பால் ஒட்டலாம். தகட்டின் அதிர்வைக் குறைக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டுபவர்கள் அடி ஓட்டைகளை மூடிவிடக் கூடாது. மூடினால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். புதிதாகத் துளை போட்ட தகட்டின் விளிம்புக்கு ரெட் ஆக்ஸைடு அடித்து, காய்ந்த பிறகே ஸ்க்ரூ ஏற வேண்டும்.

இதற்குப் பிறகும் பின்னால் வேண்டும் என்றால் நல்ல இடம் பின்கதவுகள். அதில் இடமில்லையென்றால் சாமான் பகுதியின் இரு பக்கச் சுவர், அதாவது சக்கர வளைவுக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் மூடிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடம். பிளாஸ்டிக் மூடியிலேயே ஸ்பீக்கரைப் பூட்டினால் கடகடக்கும். அதற்குப் பின்னால் 12 மில்லிமீட்டர் ப்ளையைப் பாடியோடு போல்ட் போட்டு இறுக்கி, ஓரங்களில் ஃபோம் டேப் வைத்துக் காற்றுப் போகாமல் அடைத்து, ஸ்பீக்கரை அந்தப் பலகையில் பூட்ட வேண்டும். செடானுக்கு டிக்கி செய்யும் வேலையை இங்கே பலகை செய்கிறது. ஜாக்கி, ஸ்டெப்னி, பெட்ரோல் மூடியின் குழாய் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே துளை. மேல்தூக்கிப் பின்கதவில் மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒயர் மடங்கி, ரப்பர் குழாய்க்குள் ஒருநாள் அறுந்துவிடும். கதவைத் தாங்கும், மூச்சுவாங்கும் பழைய கேஸ் ஷாக்குக்கு மூன்று கிலோ கூடினால் கதவு தலையில் இறங்கும்.

இனி ஓம் கணக்கு. பாட்டு செட் (ஸ்டீரியோ) எரிந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். கார் ஸ்பீக்கர் பொதுவாக 4 ஓம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரின் ஒயரிலேயே இன்னொன்றைப் பக்கவாட்டில் இணைத்தால் செட்டுக்கு அது 2 ஓமாகத் தெரியும், கரண்ட் இரட்டிப்பாகும். பல செட்டுகள் 4 ஓமுக்குக் குறையாமல் ஓடச் செய்தவை. வால்யூமை ஏற்றிப் பத்து நிமிடத்தில் செட் தானாக அணைந்து, ஆறியபின் மறுபடி பாடினால் காரணம் இதுதான். செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையாக இணைத்தால் 8 ஓம். செட்டுக்கு ஆபத்தில்லை, ஆனால் சக்தி பாதியாகும். இரண்டும் ஒரே மாடலாக இல்லாவிட்டால் ஒன்று கத்தும், மற்றது முனகும். ஒரு ஸ்பீக்கருக்குச் செட்டில் ஒரு சேனல் (தனி வெளியீடு), அவ்வளவுதான். செட்டில் இரண்டு சேனல்தான் என்றால் நாலு சேனல் செட்டோ நாலு சேனல் ஆம்ப்போ (ஆம்ப்ளிஃபையர்) வாங்குவது தவிர வழியில்லை. பழைய செட்டைக் கழற்ற மனம் வராதவர்கள், ஸ்பீக்கர் ஒயரையே உள்ளீடாக ஏற்கும் ஆம்ப்பைக் கேட்டு வாங்கலாம்.

செட்டின் முகத்தில் எழுதியிருக்கும் "50 வாட்ஸ் × 4" எங்கிருந்து வருகிறது? 14.4 வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 51.8 வருகிறது. அது பாட்டல்ல, செட்டால் தள்ள முடிந்த உச்சம். சிதையாமல் தொடர்ந்து தருவது 18 முதல் 22 வாட்ஸ். அதனால் "200 வாட்ஸ் ஸ்பீக்கர்" என்று பெருமையாக வாங்கி மாட்டினால் சத்தம் கூடாது. பெட்டியில் வாட்ஸுக்குப் பக்கத்தில் டெசிபலில் போட்டிருக்கும் சென்சிட்டிவிட்டியை (ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை) பாருங்கள். அது 3 டெசிபல் கூடினால் ஆம்ப்பின் சக்தியை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம், செலவில்லாமல்.

பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியிலேயே எர்த் செய்திருப்பதும் உண்டு. இன்றைய செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் வோல்ட்டேஜ் இருக்கும். ஒன்று பாடியைத் தொட்டாலே ஐ.சி. போய்விடலாம். செட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். இணைப்பு எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் பழைய ஒயரை விட்டுவிட்டுப் புதிது இழுங்கள்.

புது ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. வேகன் நீளம் என்பதால் போக வர 12 மீட்டர் ஆகும். 0.5 ஒயரில் அந்த நீளத்துக்கு 0.42 ஓம் தடை, 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதிலேயே சூடாகிப் போகும். 1.5இல் அது 0.14தான். பளபளவென்று விற்கும் ஸ்பீக்கர் ஒயரின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையென்றால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது.

ஆம்ப் வைப்பதென்றால் பேட்டரியிலிருந்து பின்னால் வரை ஐந்தாறு மீட்டர் பவர் ஒயர் போகிறது. பியூஸ் ஆம்ப்பில் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்புக்கு. ஒயருக்கு வேண்டிய பியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் ஒயரை நுழைத்தால், அதிர்வில் இன்சுலேஷன் தேய்ந்து ஒருநாள் செம்பு பாடியைத் தொடும். முன்னால் பியூஸ் இல்லையென்றால் பேட்டரி தன் மொத்த பலத்தையும் அந்த ஒயரில் கொட்டும்; மிதியடிக்கு அடியில் தீ அப்படித்தான் பிடிக்கிறது. சேனலுக்கு 50 ஆர்.எம்.எஸ். வாட்ஸ் (உச்சமல்ல, தொடர்ந்து தருவது) தரும் நாலு சேனல் ஆம்ப் முழு வேகத்தில் ஏறக்குறைய 26 ஆம்பியர் இழுக்கும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயர், 30 ஆம்பியர் பியூஸ் சரியாக இருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஐந்து மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். எர்த் ஒயரும் அதே கனம், அரை மீட்டருக்குள். பெயிண்டைச் சுரண்டித் தகடு மின்னும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கைக்கு வாகாக இருக்கிறதென்று சீட் பெல்ட் போல்ட்டில் கட்டாதீர்கள். பவர் ஒயர் இடப்பக்கம் போனால் செட்டிலிருந்து ஆம்ப்புக்கு வரும் சிக்னல் கேபிள் வலப்பக்கம் போகட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்.

வாங்குவதற்கு முன்பே பழைய ஆல்டர்னேட்டருக்கு ஒரு பரீட்சை வையுங்கள். வண்டியை ஐடிலில் விட்டு, ஹெட்லைட், ஏ.சி., புளோயர் எல்லாம் போட்டு, பேட்டரி முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் ஆம்ப் யோசனையை ஒத்திவைத்துவிட்டு ஆல்டர்னேட்டர், பெல்ட்டைக் கவனியுங்கள். வேலை தொடங்கும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்ற வேண்டும் என்பதை மெக்கானிக்குகளே மறந்துவிடுகிறார்கள். பிளஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட இடத்தில் தீப்பொறிதான்.

மாட்டி முடித்ததும் பேடை மூடுவதற்கு முன் பிளஸ் மைனஸ் பார்த்துவிடுங்கள். ஆம்ப் பக்கம் கழற்றிய ஒயர் நுனிகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் கூம்பு அசையும். பிளஸுக்குப் பிளஸ் என்றால் வெளியே வரும், மாறியிருந்தால் உள்ளே போகும். நாலும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று மாறினாலும் மறுபடி பாஸ் (தாழ்ந்த ஒலி) போய்விடும், செலவழித்ததெல்லாம் வீண். பிறகு செட்டில் ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலியை வடிகட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸ் வைத்தால் சின்னக் கூம்பு பெரிய அடியில் கிழியாது. அந்த வசதி இல்லாத செட்டுக்கு ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரிலும் 400 மைக்ரோஃபாரட் நான்-போலார் கப்பாசிட்டர் ஒன்று வரிசையில் போட்டால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துவிடும்.

பாஸ் அதற்கும் மேல் வேண்டும் என்பவர்கள் மூடிய பெட்டியில் பத்து அங்குல சப் ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) ஒன்று வைக்கலாம். உள்ளளவு 40×30×20 சென்டிமீட்டர் என்றால் 24 லிட்டர். அது பெரும்பாலானவற்றுக்குப் போதும். வறண்ட இடம் என்பதால் இங்கே எம்.டி.எஃப். தாராளமாகப் போடலாம், 18 மில்லிமீட்டர் கனத்தில். பெட்டியைத் தரையோடு இரண்டு போல்ட் போட்டுப் பூட்டுங்கள். போல்ட்டுக்குத் துளைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் டேங்க்கோ பிரேக் பைப்போ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன ஒயரிங் தெரிந்த வாசகர்,
கோவை